வாய்க்காலோர அரைப் பாத்தி

"பூவைத் தின்னா வயித்துக்குள்ள பூக்குமா?"

ஒரு குழந்தை எப்போதோ கேட்ட கேள்வி. அது திங்கட்கிழமைத் தபாலில் ஆட்ரியான் ஃபான் ஸ்ட்ராலன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று அளவுகோல் வைத்து இழுத்த பெரிய எழுத்துகள். கேள்விக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி: 'பதிலை உன் வயல் சொல்லும்.'

வயல் அதற்கு முந்தின நாளே சொல்லத் தொடங்கியிருந்தது.

இருபத்தாறு வருஷ உழைப்பு. ஒரே ஒரு விதையிலிருந்து ஆட்ரியான் பெருக்கிய புது துலிப். நாவல் பழத்தின் கறுஞ்சிவப்பு. அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு கிடையாது. இன்னும் பெயர் வைக்காத அந்தப் பூவைப் பார்த்து அனுமதி கொடுக்க சனிக்கிழமை சோதனை அதிகாரி வரவிருந்தார். அந்த நேரத்தில்தான் பூக்களில் வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. கறுஞ்சிவப்பின் மேல் தீ நாக்கு மாதிரி ஏறிய கோடுகள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது நோய். அதிகாரி கண்ணில் பட்டால் பாத்தி முழுக்கப் பிடுங்கி எரிக்கச் சொல்வார்.

யார் செய்தார்கள் என்பதில் ஆட்ரியானுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கேள்வியை அவர் தன் காதாலேயே கேட்டவர். 1945 ஜனவரி. போர்ப் பஞ்சத்தில் ஊரெல்லாம் மாட்டுக்குப் போடும் பீட்டை வேகவைத்துத் தின்ற குளிர்காலம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடந்து வந்த ஒருத்தியின் ஐந்து வயதுப் பையன் அவருடைய சமையலறை வாசலில் நின்றான். வயலில் நட்டால் பசித்தவர்கள் தோண்டித் தின்றுவிடுவார்களே என்று, இதே துலிப்பின் அறுபது கிழங்குகளை அந்த வருஷம் அவர் நடவில்லை. அவை அடுப்படி அலமாரிக்குக் கீழே பெட்டியில் இருந்தன. பையன் எட்டிப் பார்த்து, அது என்ன என்றான். பூ என்றார். அப்போதுதான் அவன் அதைக் கேட்டான். ஆட்ரியான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒன்பது நாளில் பையன் இறந்துபோனான். ஊர் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பிள்ளையை விட்டுப் போக மனமில்லாமல் தாய் ஹென்னி அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது அவள் இருப்பது ஆட்ரியானுக்குச் சொந்தமான சிறு வீட்டில். வேலை, கோடைதோறும் அவருடைய கிடங்கில் கிழங்குக்குத் தோல் உரிப்பது.

பதின்மூன்று வருஷம் காத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டாள் என்று ஆட்ரியான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்குள் அவள் சாமான்களைத் தெருவில் எறிய வேண்டும். ஆனால் ஆதாரம் இல்லாமல் எறிந்தால் ஊர் பேசும், பாதிரியார் பேசுவார். அதற்காகத்தான் ஹார்லெமிலிருந்து துப்பறிவாளர் போஸ்மனை வரவழைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை. நல்ல வெயில். போஸ்மன் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்தார். குள்ளமான மனிதர். கோட்டுப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட். சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வாரநாளுக்கும் வந்துவிட்டது. அவருடைய உதவியாளன் தூனிஸ் ராட்டர்டாம்காரன். பூவைப் பார்க்காமல் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், மழைக்கே குடை பிடிக்காத ஊரு நம்மளுது. வெயிலுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்கப்பா. வெயில்ல கண்ணு கூசும், கோடு தெரியாது. நோய்ப் பூ தேடறவங்க எல்லாரும் இப்படித்தான் நிழல் கட்டிப் பாப்பாங்க."

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே கோட்டுக்காக வீட்டையே எழுதிக் குடுத்தாங்களாமே? இப்ப தீ வைக்கறாங்க. பூ அப்படியேதான் இருக்கு, மனுஷன்தான் மாறிட்டான்."

"அப்ப அது நோய்னு தெரியாது" என்றார் ஆட்ரியான் எரிச்சலாக. "முதல்ல எந்திரி. அது பாத்தி. உக்கார்ற இடம் இல்ல."

தூனிஸ் உட்கார்ந்திருந்தது வாய்க்காலை ஒட்டிய முதல் பாத்தியில். அதில் பாதிக்கு மேல் பூ இல்லை; வெறும் மணல்.

"இதுல ஒண்ணுமே இல்லையே முதலாளி. நான் உக்காந்தாலாவது ஏதோ முளைச்ச மாதிரி இருக்கும்."

"தண்ணி எலி தின்னுட்டுப் போயிருக்கு. கரையோரம் எப்பவும் அப்படித்தான். எந்திரின்னா எந்திரி."

தூனிஸ் எழுந்து, பின்பக்கத்து மணலைத் தட்டினான். "பத்தடி வரைக்கும் தின்னுட்டு, அளவெடுத்த மாதிரி நேர்கோட்டுல நிறுத்தியிருக்கு. நல்லா வளர்த்த எலி."

போஸ்மன் ஒரு கணம் அந்த வெறும் மணலைப் பார்த்தார். பிறகு ஆட்ரியானிடம் திரும்பினார்.

"இந்த ஒரு மாசத்துல வயலுக்குள்ள யார் யார் வந்தாங்கன்னு பட்டியல் குடுத்திருக்கீங்க. அதைக் கிழிச்சுப் போடுங்க. இந்த வருஷப் பூவுல தெரியற நோய், கிழங்குல நுழைஞ்சது போன வருஷம். அதாவது கிழங்கு கிடங்குல இருந்தப்ப. நோய்க் கிழங்கை ஒரு தட்டுல போட்டு, நல்ல தட்டுகளுக்கு நடுவுல சொருகி வெச்சா போதும். அசுவினிப் பூச்சி தோலுக்கு அடியிலேயே நடந்து அடுத்த தட்டுக்குப் போயிடும்."

"கிடங்குலன்னா, உரிக்க வந்த பொம்பளைங்கள்ல ஒருத்தி. அதைத்தானே நானும் சொல்றேன்."

"பன்னெண்டு பேரு. ஆனா வயலே நமக்கு வரைபடம் போட்டுக் குடுத்திருக்கு. உங்க கிடங்குல உரிக்கற பெஞ்சுல எத்தனை இடம்?"

"பன்னெண்டு. யார் இடத்துல யாரும் உக்கார மாட்டாங்க. சர்ச்சுல குடும்பத்துக்கு ஒரு வரிசை மாதிரி."

"அவங்கவங்க உரிச்ச கிழங்கு?"

"அவங்கவங்க முதுகுக்குப் பின்னாடி, தட்டுல அடுக்கி நிக்கும். நடவுக்குக் கதவோரத்து அடுக்கை முதல்ல எடுப்போம். முதல் அடுக்கு முதல் பாத்திக்கு. ரெண்டாவது ரெண்டாவதுக்கு." சொல்லிக்கொண்டே வந்த ஆட்ரியானின் கண்கள் சட்டென்று பாத்திகளின் மேல் ஓடின. பன்னிரண்டு பாத்தி. வாய்க்காலிலிருந்து எண்ணினார். இரண்டாவதில் அங்கங்கே கோடு. மூன்றாவது முழுக்கத் தீப்பிடித்த மாதிரி. நான்காவதில் மறுபடி அங்கங்கே. அதற்கப்புறம் கடைசி வரை சுத்தம்.

"மூணு" என்றார். "கதவுலேருந்து மூணாவது இடம் ஹென்னியோடது. சொன்னேனா இல்லையா? எழுதுங்க போஸ்மன். அவ பேரை எழுதிக் குடுங்க."

"பேனாவுல மை இருக்கான்னு பாக்கறேன்" என்றார் போஸ்மன். ஆனால் பையிலிருந்து எடுத்தது பேனாவை அல்ல, பெப்பர்மின்டை.

பத்து மணிக் காப்பிக்கு ஆட்ரியானின் மனைவி அலிடா அழைத்தாள். சமையலறை பளபளவென்று இருந்தது. அலிடா கோப்பைகளை வைத்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். அந்தப் பக்கத்து வீடுகளில் ஆளுக்கு ஒரு பிஸ்கட். உடனே மூடி விழும். தூனிஸ் பெரியதாகத் தேடி எடுத்துக்கொண்டு, மூடி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தான்.

"ஆள் கிடைச்சாச்சு" என்றார் ஆட்ரியான், காப்பியைத் தொடாமல். "நான் சொன்னதுதான். ஹென்னி. மூணாவது பாத்தி, மூணாவது இடம். நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறேன். சனிக்கிழமை இருந்தா நானே தூக்கி வெளிய போடுவேன்."

அலிடா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அவளா?"

"வேற யாரு? லெட்டர்ல இருக்கற கேள்வியே போதும். அவ பையன் கேட்டது அது."

"அவளைக் கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"எங்க போவா? கால் முட்டி வேற அவளுக்கு..."

"எங்கயோ போகட்டும். இருபத்தாறு வருஷம் அலிடா. எரிக்கும்போது அவளை நிக்க வெச்சுப் பாக்கச் சொல்லணும்."

அலிடா மூடியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். டப்பா திறந்தபடியே இருந்தது. தூனிஸ் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தான். யாரும் எதுவும் சொல்லாததால் மூன்றாவதையும் எடுத்தான்.

வெளியே வந்ததும் அவன் போஸ்மனின் காதருகில் சொன்னான். "பாஸ், எனக்கு வயசு இருபத்தேழு. டப்பாவை மூடாம விட்ட வீட்டை இன்னிக்குத்தான் முதல் தடவை பாக்கறேன்."

"சாப்பிட்டது செரிக்கட்டும், பேசாம வா" என்றார் போஸ்மன்.

ஹென்னியின் வீடு வாய்க்கால் வளைவில் இருந்தது. அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுதான், பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். மூன்று பேர் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த கிளிப்பை ஏப்ரனில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன முதலாளி, வாடகை வாங்கவா வந்தீங்க? மூணு பேரு எதுக்கு, நான் ஒருத்திதானே இருக்கேன்."

"நடிக்காத. என் பூவுக்கு நீ என்ன பண்ணினேன்னு தெரிஞ்சுபோச்சு."

"உங்க பூவுக்கு? தோல் உரிச்சேன். பதிமூணு வருஷமா அதான் பண்றேன்."

போஸ்மன் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாப்பத்தஞ்சுல உங்க பையன் இவர் வீட்டு வாசல்ல நின்னு ஒரு கேள்வி கேட்டான் இல்ல, அது ஞாபகம் இருக்கா?"

ஹென்னி அவரைப் பார்த்தாள், ஆட்ரியானைப் பார்த்தாள். "என்ன கேள்வி?"

"பாருங்க நடிப்பை" என்றார் ஆட்ரியான்.

"முதலாளி, நான் அந்த வாசலுக்கே வரலையே. ரோட்டுல தள்ளுவண்டியில சாஞ்சு மயங்கிக் கிடந்தேன். என் பையன் பிம்தான், நான் போயிக் கேட்டுட்டு வர்றேன்னு தனியா போனான். திரும்பி வந்து, இல்லைன்னுட்டாங்கம்மான்னு சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். வேற என்ன கேட்டான் அவன்?"

கொடியில் ஈரத் துணிகள் காற்றில் படபடத்தன. ஆட்ரியான் தன் மரக்காலணியைப் பார்த்தபடி நின்றார். அதைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

போஸ்மன்தான் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, பிரார்த்தனை சொல்வதைப் போல. "பூவைத் தின்னா வயித்துக்குள்ள பூக்குமான்னு கேட்டானாம்மா."

ஹென்னி கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வருவதற்கு முன்னால் உதடு ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அப்படியா கேட்டான்? அப்படித்தான் கேப்பான். நிலாவைக் கழுவறது யாருன்னு கேட்ட பையன் அவன்." முகத்தை ஏப்ரனால் அழுத்தித் துடைத்தாள். "பதிமூணு வருஷத்துக்கு அப்புறம் அவன் பேசினதுல புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு எனக்கு. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும் ஐயா."

பிறகு ஆட்ரியான் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. "உங்களை வெறுக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன் முதலாளி. ஒவ்வொரு கிழங்கா உரிக்கும்போதும் வெறுத்திருக்கேன். நீங்க சர்ச்சுல எனக்கு முன்வரிசையில உக்காந்து கண்ணை மூடும்போது உங்க பிடரியைப் பாத்துப் பாத்து வெறுத்திருக்கேன். ஆனா உங்க பூவைத் தொடலை. எனக்கு இந்த ஊர்ல வேண்டியது ஆறடி மண்ணுக்குப் பக்கத்துல இருக்கறது. அதைக் கெடுத்துக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை."

திரும்பி நடக்கும்போது ஆட்ரியான் வேகவேகமாக நடந்தார். "பொய்" என்றார். சற்றுத் தூரம் போய், "பொய்யாத்தான் இருக்கணும்" என்றார். "மூணாவது பாத்தி பொய் சொல்லுமா? மூணாவது இடம் அவளோடது."

"பாத்தி பொய் சொல்லாது" என்றார் போஸ்மன். "தூனிஸ், அந்த எலியைப் பத்திக் கொஞ்சம் சொல்லு."

வயலோரம் வந்திருந்தார்கள். தூனிஸ் வாய்க்கால் கரையில் நின்று, காலை தான் உட்கார்ந்திருந்த வெறும் மணலைக் காட்டினான்.

"முதலாளி, எங்க அம்மா தையல்காரி. துணி எங்க பத்தாம போகும்னு அவங்களுக்குத் தெரியும். முதல் சட்டைக்கு யாருக்கும் பத்தாம போகாது. கடைசிச் சட்டைக்குத்தான் பத்தாது. நீங்க கிழங்கு நடறீங்க. முதல் பாத்தி நிறைய, ரெண்டாவது நிறைய, பதினோராவது நிறைய. தட்டுல கிழங்கு தீந்துபோறது எதுல?"

"பன்னெண்டாவதுல."

"இந்த வயல்ல குறையா நிக்கற பாத்தி எது?"

ஆட்ரியான் திரும்பிப் பார்த்தார். வாய்க்காலோரத்து அரைப் பாத்தி நேர்கோட்டில் முடிந்து நின்றது.

"எலி அளவெடுத்துத் தின்னாது" என்றார் போஸ்மன் மெதுவாக. "இதுதான் கடைசிப் பாத்தி. போன வருஷ நடவுல நீங்க இருந்தீங்களா?"

"இல்ல. அக்டோபர் முழுக்க நெஞ்சுச் சளி. ஆறு வாரம் படுக்கை."

"கிழங்கு வயலுக்கு எப்படி வந்தது?"

"படகுலதான். என் தாத்தா காலத்துலேருந்து தட்டைப் படகுல, வாய்க்கால் வழியா. அதனாலதான் முதல் பாத்தி தண்ணிப் பக்கம்..." ஆட்ரியான் நிறுத்தினார். கிடங்கு வாசலில் நின்றிருந்த சிவப்பு டிராக்டரை அவர் கண்கள் தேடிப் போயின. போன செப்டம்பரில் வாங்கியது. அதற்கு ரோடுதான் வழி. ரோட்டுப் பக்கம்தான் இறக்கியிருப்பார்கள். ரோட்டுப் பக்கம்தான் முதல் பாத்தி. மூன்று தலைமுறையாகத் தண்ணீரிலிருந்து எண்ணிய வாய், டிராக்டர் வந்தபிறகும் தண்ணீரிலிருந்தே எண்ணியிருக்கிறது.

அவர் ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். விரலை நீட்டி, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு. எட்டு வரை சுத்தம். ஒன்பதில் அங்கங்கே கோடு. பத்து முழுக்க எரிந்துகொண்டிருந்தது.

"பத்து" என்றார்.

பத்தாவது இடம் யாருடையது என்று போஸ்மன் கேட்கவில்லை. தூனிஸும் கேலி எதுவும் சொல்லவில்லை. ஆட்ரியானுக்குக் கிடங்கு கண்முன் வந்தது: நீண்ட பெஞ்சு, கதவுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஹென்னி, உள்ளே பத்தாவதாக, ஜன்னலை ஒட்டி, வேலைக்காரிகளோடு வேலைக்காரியாக, ஒரு கோடைகூடத் தவறாமல் அவருடைய மனைவி.

அந்தக் கேள்வியின்போது யார் எங்கே நின்றார்கள் என்பதும் இப்போது சரியாக நினைவுக்கு வந்தது. வாசலில் அவர். வாசலுக்கு வெளியே பையன். ஹென்னி ரோட்டில். அப்படியானால், அவருக்குப் பின்னால், அடுப்படியில்?

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் போஸ்மனிடம்.

"எலி பாதி சொல்லிச்சு. பிஸ்கட் டப்பா மீதி சொல்லிச்சு. ஹென்னி பேரைக் கேட்டதும் உங்க வீட்டம்மா மூட மறந்துட்டாங்க. குத்தவாளி மாட்டினான்னு கேட்டு நிம்மதிப்படற கை, தன்னால மூடியை மூடிடும்."

"சொல்லியிருக்கலாமே."

"அவங்களே சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் குடுத்தேன். அது பெரிய உபகாரம் இல்ல. ஆனா நம்ம கையில இருந்தது அவ்வளவுதான்." போஸ்மன் கரைப் பக்கம் பார்த்தார். "அதோ வர்றாங்க."

அலிடா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தலையில் துணி இல்லாமல், வாய்க்கால் கரையில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். பத்தாவது பாத்திக்குப் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஹென்னி இல்லை" என்றாள். "அவளை விடுங்க. நான்தான்."

ஆட்ரியான் அவள் முகத்தையும் பாத்தியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பாதிரியார் தோட்டத்து மூலையில பழைய கோட்டுத் துலிப் இருக்கே, அதுலேருந்து பன்னெண்டு கிழங்கு எடுத்தேன். என் தட்டுலயே போட்டு வெச்சேன். லெட்டரும் நான்தான், லெய்டன் சந்தைக்குப் போன அன்னிக்குப் போட்டேன். கையெழுத்தை மறைச்சாலும், கேள்வியைப் படிச்ச உடனே நான்னு தெரிஞ்சுடும்னு நினைச்சேன். அடுப்பு முன்னாடி நான் நின்னுக்கிட்டிருந்தேனே ஆட்ரியான். நீங்க சிரிச்சதை நான் பாத்தேனே. நான் அங்க இருந்ததே உங்களுக்கு ஞாபகம் இல்லை."

"பதிமூணு வருஷம் கழிச்சா?" என்றார் ஆட்ரியான். "பதிமூணு வருஷம் என் பக்கத்துல படுத்து, எனக்குக் காப்பி போட்டு..."

"பதிமூணு வருஷமும் பொறுத்துக்கிட்டேன். மறுநாளே போய் என் கல்யாண மேசைத்துணியைக் குடுத்துப் பால் வாங்கி அந்தப் பையனுக்கு ஊத்தினேன். உள்ள இறங்கலை. அப்பவும் பொறுத்துக்கிட்டேன். போன ஜூலையில என்ன சொன்னீங்க? பூவுக்கு அலிடான்னு பேர் வைக்கப் போறேன்னு. பெரிய பரிசு குடுக்கற மாதிரி நின்னு சொன்னீங்க." அவள் குனிந்து ஒரு பூவைத் தண்டோடு உடைத்தாள். வெள்ளைத் தீ ஏறிய பூ. "அந்தப் பையன் வாய்லேருந்து பிடுங்கி வளத்த பூவுக்கு என் பேரா? உலகம் பூரா கூடையில வெச்சு என் பேரைச் சொல்லிச் சொல்லி விப்பாங்களா? எரியட்டும்னு நினைச்சேன். நீங்க நின்னு பாக்கணும்னு நினைச்சேன். ஆனா அதுக்கு அவ வீடு போகணும்னு நினைக்கலை. ஒரு தடவை அவளுக்கு நம்ம வீட்டுக் கதவு சாத்தினது போதும்."

சனிக்கிழமை ஹென்னிக்கென்று தான் நினைத்து வைத்திருந்ததையெல்லாம் ஆட்ரியான் அந்த முகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வந்தது, கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கடைசியில் ஒரு சமையலறை வாசலில், கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு மனிதனிடமே போய் நின்றது.

போஸ்மன் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து ஆட்ரியானிடம் கொடுத்தார். "பேர் கேட்டீங்க. அறிக்கையில எல்லாம் எழுதியிருக்கேன். பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன். யோசிச்சு நீங்களே எழுதிக்கங்க."

தூனிஸ் அலிடாவுக்குத் தலை குனிந்தான். "பிஸ்கட்டுக்கு நன்றிம்மா. மூணு எடுத்தேன். அந்தக் குத்தத்தையாவது நான் ஒத்துக்கறேன்."

அலிடாவின் முகத்தில் அன்று முதல்முறையாக ஏதோ இளகியது. போஸ்மனும் தூனிஸும் குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.

சனிக்கிழமை அதிகாரி வந்தபோது ஆட்ரியான் ஒரு பூவைக்கூட முன்கூட்டிப் பிடுங்கி மறைத்திருக்கவில்லை. பத்தாவது பாத்திக்குத் தானே அழைத்துப் போனார். பூச்சி எத்தனை பாத்திக்குள் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும், பன்னிரண்டையும் எரிக்க வேண்டியதுதான் என்றார் அதிகாரி. சரி என்றார் ஆட்ரியான். பதிவேட்டில் எழுத, பூவின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். பெயர் வைக்கவில்லை என்று சொன்னார். மாலையில் புகை சர்ச் கோபுரம் வரை போயிற்று. அலிடா வாசலில் நின்று பார்த்தாள். அவள் நினைத்திருந்த மகிழ்ச்சி அதில் இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அலிடா உப்பை அவர் கையெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலிடா சர்ச்சுக்கு உடுத்திக்கொண்டு நின்றபோது ஆட்ரியான் வேலை உடையில் இருந்தார்.

"கேட்டா நெஞ்சுச் சளின்னு சொல்லிடு" என்றார்.

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தன் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் ஆண்டவருடைய நாளில் ஆட்ரியான் மண்ணைத் தொட்டதில்லை. மணி அடித்து ஓய்ந்து, தெருவில் ஒரு காலடிகூடக் கேட்காத நேரத்தில், அவர் முளைவிட்ட விதை உருளைக்கிழங்கு ஒரு மூட்டையைப் படகில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வளைவுக்குத் தள்ளினார். ஹென்னியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு தோட்டம், முட்டி மடக்க முடியாமல் அவள் இரண்டு வருஷமாகத் தரிசாக விட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் களையைக் கொத்தி எடுத்தார். மண்ணைப் புரட்டினார். பிறகு மண்டியிட்டு, கிழங்கு நடும் வேலைக்காரன் நடுவதைப் போலவே, முளை மேல்நோக்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புதைத்தார். கோடை முடிவதற்குள் தோண்டலாம். குளிர்காலம் முழுக்க வரும்.

தூரத்தில் கடைசிப் பாட்டுக்கு ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியது. ஆட்ரியான் எழுந்து, பல் வைத்த வாருகோலை எடுத்து, வீட்டுச் சுவரிலிருந்து வாய்க்கால் வரை பின்னோக்கி நடந்தபடியே, ஈர மண்ணில் விழுந்திருந்த தன் காலடிகளை ஒன்றுவிடாமல் இழுத்து மூடினார். பிறகு படகில் ஏறிக்கொண்டார்.